பார்பர் வீட்டு ஒன்றுகூடல்

1986ஆம் ஆண்டுக் கோடைகாலம். ரொறன்ரோவில் ஸ்காபரோவின் வடகிழக்கு மூலையில், மல்வேர்ன் பகுதியில், ஒரு மாடிக் கட்டடத்தில் அண்ணாவும் நானும் குடியிருந்தோம். அண்ணா எண்பத்துநாலில் வந்தவர். அடுத்த வருடம் என்னைக் கூப்பிட்டுக்கொண்டார். அம்மா ஊரில் அக்காவோடு நின்றுவிட்டார். அப்பா நான் வெளிக்கிடுவதற்கு முன்பே காலமாகிவிட்டார். அண்ணாவுக்கு வெல்டிங் வேலை. எனக்கு மேசை விளக்குகள் பொருத்தும் ஒரு தொழிற்சாலையில் வேலை. இந்த விஷயத்தை எழுத நான் பலமுறை பேனாவை எடுத்து, "உதை எழுதி என்னத்தைக் காணப்போறாய்" என்று எனக்கு நானே சொல்லி வைத்துவிட்டிருக்கிறேன். இந்த முறை விடுவதாக இல்லை.

எங்கள் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது, உங்களுக்குத் தெரியும். அப்பாவின் பெயரும் எங்கள் பெயரும்தான். கனடாவில் அப்பாவின் பெயரையே குடும்பப் பெயராகப் பதிந்துவிட்டார்கள். அதனால் தொழிற்சாலை ஒலிபெருக்கியில் என்னைக் கூப்பிடும்போது 'மிஸ்' என்று முன்னால் போட்டு அப்பாவின் பெயரைச் சொல்லுவார்கள். முதல் நாள் அதைக் கேட்டபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவர்கள் வேலை கடினம் என்று அழுகிறேன் என நினைத்து ஆறுதல் சொன்னார்கள்.

ஏன் அழுதேன் என்று சொல்கிறேன். என் அப்பா முடி வெட்டுபவர். யாழ்ப்பாணத்தில் ஒரு சந்தைக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு சலூன் வைத்திருந்தார். ஒரு கதிரை, ஒரு கண்ணாடி, அவ்வளவுதான். அதைவிட ஊருக்குள் பெரிய வீடுகளுக்குப் போய்ச் செய்யவேண்டிய வேலைகளும் பரம்பரையாக இருந்தன. கல்யாண வீடென்றால் மாப்பிள்ளைக்குச் சவரம். செத்தவீடென்றால் கொள்ளி வைப்பவருக்குச் சவரம். பிறகு சுடலையில், அவர் தோளில் தண்ணீர்க் குடத்தோடு சுற்றிவரும்போது பின்னால் நின்று கத்தியால் குடத்தில் கொத்தி ஓட்டை போடவேண்டும். இதற்கெல்லாம் அப்பாவைப் பின்வாசலால் கூப்பிடுவார்கள். மீசை முளைக்காத பொடியன்கள்கூட அவரைப் பெயர் சொல்லி, "டேய், இஞ்ச வா" என்பார்கள். அந்தப் பெயரை ஒருவர் 'மிஸ்' போட்டு, கட்டடம் முழுக்கக் கேட்கச் சொன்னால் எனக்கு எப்படி இருக்கும்!

இதெல்லாம் அண்ணாவுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த விஷயம். விமான நிலையத்தில் இருந்து என்னைக் கூட்டிவரும்போதே அண்ணா சட்டம் போட்டுவிட்டார். "ஆர் கேட்டாலும் கொழும்பில வளர்ந்தனாங்கள் எண்டு சொல்லு. அப்பா வியாபாரம். அதுக்கு மேல வாயைத் திறந்தாய், பிறகு நான் மனிசனாய் இருக்கமாட்டன்." அண்ணா கெட்டவர் இல்லை. சலூன்காரன் மகன் என்று பள்ளிக்கூடத்தில் அவரைப் படுத்திய பாடு எனக்குத் தெரியும். இவ்வளவு தூரம் வந்த பிறகாவது அது பின்னால் வரக்கூடாது என்று நினைத்தார், பாவம்.

எங்கள் தொழிற்சாலையில் பொதி கட்டும் பகுதியில் ஒரு அன்ரி வேலை செய்தார். யாழ்ப்பாணத்து ஆள். கணவர் ஊரில் அரசாங்க உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்று இங்கே வந்தவர். ஒரே மகன், கல்லூரியில் படித்துக்கொண்டு மாலையில் பெற்றோல் நிலையத்தில் நின்றார். நானும் அன்ரியும் ஒரே பஸ். என்னை அவருக்குப் பிடித்துவிட்டது. வேறு பெட்டியில் எனக்கென்று புட்டுக் கொண்டுவருவார். குளிர் காலத்தில் என் கழுத்துத் துணியை அவரே இறுக்கிக் கட்டிவிடுவார்.

அன்போடு கேள்விகளும் வரும். எங்கள் ஆட்கள் கேட்கிற முறை உங்களுக்குத் தெரியாதா என்ன! சாதியை நேரே கேட்கமாட்டார்கள், நாகரிகமானவர்கள். "ஊரில எவடம் பிள்ளை?" என்று தொடங்கும். பிறகு எந்தக் கோயிலடி, எந்தப் பள்ளிக்கூடம், அந்தப் பக்கத்தில் இன்னாரைத் தெரியுமா, அவர்களுக்கு நீங்கள் என்ன முறை. பதில்களை ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்து ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். நான் கொழும்பு, கொழும்பு என்று ஒரே பாட்டைப் பாடினேன். "அப்ப அப்பாவின்ர ஊர்?" என்று அன்ரி விடாமல் வருவார். பஸ் நிற்குமிடம் வந்துவிட்டால் எனக்கு உயிர் வந்த மாதிரி இருக்கும்.

ஒருநாள் அன்ரி வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். "என்ர மகனுக்கு உம்மைப் போல ஒரு பிள்ளைதான் வேணும். இந்தக் கோடைக்குள்ள உம்முடைய அண்ணையோட வந்து கதைக்கிறன்." அந்த மகனை நான் சில தடவை கண்டிருக்கிறேன். அதிகம் பேசாதவர். பனி விழுந்த ஒரு நாள் எங்களை ஏற்றிக்கொண்டு போனபோது, நான் வாசலுக்குள் போகும்வரை காரை எடுக்காமல் நின்றார். பிடித்திருந்தது. மறைத்து என்ன! நன்றாகவே பிடித்திருந்தது. அதனால்தான் பயமும் இருந்தது. கல்யாணம் முடிந்த பிறகு யாராவது ஒருவர் ஊரில் இருந்து வந்திறங்கி, "அட, நீங்கள் இன்னாற்ற மகளெல்லே!" என்று கேட்டால்? ஒவ்வொரு வாரமும் புது ஆட்கள் வந்துகொண்டிருந்த காலம் அது.

அண்ணாவிடம் சொன்னேன். "அவைக்கு உன்னைப் பிடிச்சிருக்கு. உனக்கும் பிடிச்சிருக்கு. பேசாமல் இரு. பிள்ளை ஒண்டு பிறந்தால் எல்லாம் சரிவரும்" என்றார். எனக்கு அந்தக் கணக்கு விளங்கவில்லை. ஆனால் பேசாமல் இருந்தேன்.

இப்போது என் பக்கத்தில் இருந்து வேலை செய்த வெள்ளைக்காரப் பெண்ணைப் பற்றிச் சொல்லவேண்டும். என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். சிரித்தால் இயந்திரச் சத்தத்துக்கு மேலால் கேட்கும். அவளுடைய குடும்பப் பெயர் பார்பர். ஓம், முடி வெட்டுபவர் என்று அர்த்தம் வரும் அதே பார்பர்தான். முதல் நாள் அவளுடைய சட்டையில் குத்தியிருந்த பெயர் அட்டையைப் பார்த்துவிட்டு நான் கண்ணைத் திருப்பிக்கொண்டேன். இதை யார் இவளுக்கு எழுதி நெஞ்சில் குத்திவிட்டது, இவள் எப்படி இதோடு திரிகிறாள் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

அவளுக்கோ அந்தப் பெயர்தான் பொழுதுபோக்கு. சனிக்கிழமைகளில் நூலகத்துக்குப் போய்ப் பழைய பதிவுகளைப் படச்சுருளில் பார்ப்பாள். திங்கட்கிழமை வந்து கம்பியைத் திருகிக்கொண்டே எனக்குக் கதை சொல்லுவாள். தாடிக்கு உள்ள பிரெஞ்சுச் சொல்லில் இருந்துதான் அந்தப் பெயர் வந்ததாம். பிரான்சில் இருந்து போய் இங்கிலாந்தைப் பிடித்தவர்களோடு அங்கே போனதாம். அந்தக் காலத்தில் இங்கிலாந்திலும் சாதாரண சனத்துக்குக் குடும்பப் பெயர் இல்லை. எங்களைப் போலத்தான், இன்னாருடைய மகன் இன்னார். பிறகு ஆளை அடையாளம் காணச் செய்யும் தொழிலைச் சேர்த்துச் சொன்னார்கள். நாளடைவில் மகன் வேறு வேலைக்குப் போனாலும் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. பார்பர் என்பவர் அப்போது முடி மட்டும் வெட்டவில்லை, பல் பிடுங்கினார், கட்டி கீறினார், நோயாளிக்கு இரத்தம் எடுத்தார். கத்தி வைத்திருந்தவர் அவர்தானே!

இதைக் கேட்டபோது என் கை நின்றுவிட்டது. எங்கள் அப்பப்பா ஊரில் கட்டி கீறி மருந்து கட்டுபவர். எத்தனையோ பேர் காய்ச்சலோடு வந்து படுத்திருந்து எழும்பிப் போனதாக அப்பா சொல்லுவார். ஆனால் அதை நான் அவளுக்குச் சொல்லவில்லை. வாய் வரை வந்ததை விழுங்கிவிட்டேன்.

ஆடி மாதத்தில் ஒருநாள் அவள் எங்கள் வேலை வரிசையையும் பொதி கட்டும் பகுதியையும் முழுதாக அழைத்தாள். பார்பர் குடும்பத்தின் ஒன்றுகூடல், ஏரிக்கரைப் பூங்காவில், எல்லோரும் வாருங்கள் என்றாள். இந்தக் கூட்டம் வருடம் ஒருமுறை நடக்குமாம். அன்ரிக்கு வெள்ளைக்காரர் வீட்டு விசேஷம் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசை. "மகன் கார் கொண்டருவான், நாங்கள் மூண்டு பேரும் போவம்" என்றார். அதற்குள் வேறு திட்டமும் இருந்தது என்று எனக்கு விளங்கியது. புது உடுப்புப் போட்டேன்.

பூங்காவில் ஒரு கூரைக் கொட்டகை பிடித்திருந்தார்கள். சின்னதும் பெரிதுமாக எக்கச்சக்கமான சனம். உருளைக்கிழங்குச் சாலட், சோளம், இறைச்சி சுடும் புகை. அன்ரி கொண்டுவந்த கடலை வடை வைத்த கையோடு முடிந்துவிட்டது, அவருக்குப் பெருமை பிடிபடவில்லை. கொட்டகை நீளத்துக்கு ஒரு கடதாசியை ஒட்டி அதில் குடும்ப மரம் வரைந்திருந்தார்கள். உச்சியில் இங்கிலாந்தின் கிழக்குப் பக்கத்தில் ஒரு சந்தைப் பட்டினத்தில் கடை வைத்திருந்த ஒரு முடிவெட்டுகாரர். அவருடைய பேரன்மாரில் ஒருவர் பாய்க்கப்பலில் கியூபெக் வந்து, ஆற்றோடு மேலே ஏறி, ஒன்ராறியோவில் காடு வெட்டிக் கமம் செய்தவர். அவர் வழிதான் இங்கே நின்றவர்கள். இன்னொருவர் அமெரிக்காவுக்கு, இன்னொருவர் அவுஸ்திரேலியாவுக்கு. ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு நிறம்.

என் பார்பர் தோழி அன்ரிக்கு அதை விரலால் தொட்டுத் தொட்டு விளக்கினாள். அன்ரி தலையை ஆட்டிக் கேட்டார். அவள் அந்தப் பக்கம் போனதும் என் காதுக்குள் குனிந்தார். "என்ன பிள்ளை இது? வெள்ளைக்காரரிலயும் உவை இருக்கினமே?" என்று சொல்லி, ஊரில் எங்களைக் குறிக்கும் அந்தச் சொல்லைச் சொன்னார். அதை நான் இங்கே எழுதப்போவதில்லை. "இருந்தாலும் உதை இப்பிடிச் சுவரில ஒட்டி வைப்பினமே! மூடி மறைக்கிறதை விட்டிட்டு!" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் என் வாய் கசக்கிறது.

சாப்பாடு முடிந்ததும் அவர்களுடைய ஒரு வழக்கம் நடந்தது. அந்த வருடம் பிறந்த குழந்தைக்கு முதல் முடி வெட்டுவது ஒன்றுகூடலில்தான். குடும்பத்தில் மூத்தவர் வெட்டவேண்டும். யாரும் இப்போது அந்தத் தொழிலில் இல்லை, ஆனாலும் நாங்கள் பார்பர்கள் அல்லவா என்று அதை விடாமல் செய்துவந்தார்கள். என் தோழியின் பெரியப்பா எழுந்து வந்தார். நல்ல உயரம், நல்ல வயது. கையில் நீளமான கத்தரிக்கோல். தாயின் மடியில் குழந்தை. நிறையச் செம்பட்டை முடி.

கத்தரிக்கோலைக் கண்டதும் குழந்தை வீரிட்டது. தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எறிந்தது. பெரியவருக்குக் கை நடுங்கியது. சுற்றி நின்றவர்கள் சிரித்துப் படமெடுத்தார்கள். நான் சிரிக்கவில்லை. அந்தாள் கத்தரிக்கோலைப் பிடித்த பிடியே பிழை. நுனி குழந்தையின் காதுக்கு நேரே நின்றது. குழந்தை இன்னொரு தடவை திரும்பினால் காது போய்விடும்.

நான் என்ன செய்கிறேன் என்று யோசிக்கவே இல்லை. போய் அவருடைய கையைப் பிடித்துவிட்டேன். "தாருங்கோ" என்று தமிழில்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன். அவர் கொடுத்துவிட்டார். தாயின் பின்னால் போய் நின்றேன். முதலில் வெட்டவில்லை. குழந்தையின் தலைக்கு மேலே காற்றில் கத்தரிக்கோலைச் சும்மா கிச்சுக்கிச்சென்று அடித்தேன். அப்பா அப்படித்தான் செய்வார். அந்தச் சத்தம் பழகும்வரை முடியில் கை வைக்கக்கூடாது. குழந்தை அழுகையை நிறுத்திச் சத்தம் எங்கேயிருந்து வருகிறது என்று தேடியது. இடது உள்ளங்கையால் காதை மூடிக்கொண்டு, விரலிடுக்கில் முடியை எடுத்து, வெட்டினேன். பிறகு அடுத்த காது, பிறகு பிடரி. கடைசியில் முகத்தில் விழுந்த மயிரை வாயால் ஊதிவிட்டேன்.

வயதுக்கு வரும்வரை பள்ளிக்கூடம் விட்டதும் நான் சலூனுக்குத்தான் போவேன். கதிரையின் இரண்டு கைப்பிடிக்கும் குறுக்கே பலகையைப் போட்டு, அதில் சின்னப் பிள்ளைகளை ஏற்றி, அப்பா வெட்டும்போது நான் தலையைப் பிடித்துக்கொள்வேன். சில நாட்கள் அப்பா என்னிடம் கத்தரிக்கோலைத் தந்துவிட்டு நான் வெட்டுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். கனடா வந்து நான் கத்தரிக்கோலைத் தொட்டதே இல்லை. கை மறக்கவில்லை.

எல்லோரும் கைதட்டினார்கள். பெரியவர் குழந்தையின் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எங்கே பழகினாய் இதை?" என்று சத்தமாக ஆங்கிலத்தில் கேட்டார். அன்ரி எனக்கு நேரே நின்றார். மகன் அவருக்குப் பக்கத்தில். பொய் வாயில் தயாராக இருந்தது. அக்காவின் பிள்ளைகளுக்கு வெட்டிப் பழக்கம் என்று சொன்னால் விஷயம் முடிந்தது. அன்ரி அதை நம்பி, இன்னும் மெச்சியிருப்பார்.

ஆனால் அப்பா என் பக்கத்தில் நின்ற மாதிரி இருந்தது. என் விரலில் கத்தரிக்கோல் இருக்கும்போது அந்த மனுசனை இல்லையென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "என் அப்பா ஒரு பார்பர். அவருடைய அப்பாவும் பார்பர்" என்றேன். ஆங்கிலத்தில்தான் சொன்னேன். அன்ரிக்கு அந்த அளவு ஆங்கிலம் நன்றாகத் தெரியும்.

பெரியவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அப்படியென்றால் இங்கே நிற்பவர்களில் நீ ஒருத்திதான் உண்மையான பார்பர்!" என்று சொல்லி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அப்பாவின் பெயர் என்ன என்று கேட்டார். சொன்னேன். அவருடைய வாயில் அது நசுங்கித்தான் வந்தது, ஆனாலும் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். பல் பிடுங்குவாரா என்று கேட்டார். இல்லை, அப்பப்பா கட்டி கீறுவார் என்றேன். "பார்த்தீர்களா, உலகத்தின் மறுபக்கத்திலும் இதேதான்!" என்று எல்லோருக்கும் கூவிச் சொன்னார். நான் சிரித்துக்கொண்டும் அழுதுகொண்டும் நின்றேன். திரும்பிப் பார்த்தபோது அன்ரி வெறும் வடைப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு காரடிக்குப் போய்க்கொண்டிருந்தார்.

அவர்கள்தான் என்னைக் காரில் கொண்டுவந்து விட்டார்கள். எங்கள் கட்டடத்து வாசலில் இறங்கும்போது அன்ரி மெல்ல, "நீர் முந்தியே சொல்லியிருக்கலாம், பிள்ளை" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அதிகம் நொந்தது. மகன் என்னைப் பார்த்தார். நான் வாசலுக்குள் போவதற்கு முன்பே கார் போய்விட்டது.

அண்ணா குதித்தார். "உனக்கென்ன விசரா பிடிச்சது? ஆரடி உன்னைக் கேட்டது?" என்றார். கேட்டவர்கள் வெள்ளைக்காரர்கள் என்றேன். அதற்கு இன்னும் கத்தினார். பிறகு பல நாட்கள் என்னோடு பேசவில்லை. அன்ரி முந்தின பஸ்ஸில் போகத் தொடங்கினார். புட்டு நின்றது. கட்டடத்தில் துணி தோய்க்கும் அறைக்கு நான் போனால் கதைத்துக்கொண்டிருந்த பெண்கள் சட்டென்று விலைவாசியைப் பற்றிக் கதைப்பார்கள். அடுத்த வருடம் அன்ரியின் மகனுக்குக் கல்யாணம் நடந்தது. அன்றைக்கு நான் மேலதிக நேரம் கேட்டு வாங்கி வேலை செய்தேன். அழுதேன்தான், ஏன் இல்லையென்று சொல்லவேண்டும்!

என் தோழிக்கு ஒன்றும் விளங்கவில்லை. நல்ல காரியம் செய்தவளோடு ஏன் அன்ரி பேசுவதில்லை என்று கேட்டாள். சாதியை அவளுக்கு விளக்க எனக்கு ஒரு முழு மதிய இடைவேளை போதவில்லை. கேட்டு முடித்துவிட்டு அவள் சொன்னதை நான் மறக்கவில்லை. "நாங்கள் முடி வெட்டுவதை விட்டு நூறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அதனால்தான் எங்களுக்குப் பெருமைப்பட முடிகிறது போல. விடாமல் வெட்டிக்கொண்டே இருந்திருந்தால் எங்கள் ஆட்களும் என்ன சொல்லியிருப்பார்களோ தெரியாது" என்றாள். அவள் அப்படி நேர்மையாகச் சொன்னது எனக்கு ஆறுதலாக இருந்தது. அவர்களுக்கு ஒரு தொழில் பெயராகிக் கப்பலேறிக் கடல் கடந்து, வெறும் பெயராகவே நின்றுவிட்டது. எங்களுக்குப் பெயரில்லாமலே தொழில் விமானத்தில் கூட வந்துவிட்டது.

இதோடு விஷயம் முடிந்தது என்று நினைத்திருந்தேன். முடியவில்லை.

எண்பத்தெட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை எங்கள் கதவைத் தட்டினார்கள். திறந்தால் அன்ரியின் மகன். சவரம் செய்யாத முகம், கண் சிவந்திருந்தது. தகப்பன் முதல் நாள் மாரடைப்பில் போய்விட்டார் என்றார். உள்ளே வாருங்கள் என்றேன். வரவில்லை. நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அண்ணா சாப்பாட்டு மேசையில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அம்மா கேட்டு வரச்சொன்னவ..." என்று தொடங்கினார். பிறகு நிறுத்தினார். பிறகு ஒரே மூச்சில் சொன்னார். "ஊரில செய்யிற மாதிரி முறையாய்ச் செய்யவேணும் எண்டு அம்மா நிக்கிறா. எனக்குச் சவரம் செய்ய, பிறகு குடம் கொத்த... இஞ்ச வேற ஆரையும் தெரியாது. உங்கட அண்ணை வருவாரோ எண்டு..."

அவர் மரியாதையாகத்தான் கேட்டார். 'டேய்' இல்லை, பின்வாசல் இல்லை. எங்கள் கட்டடத்தில் பின்வாசலும் இல்லை. ஆனால் கேட்டது அதேதான். அண்ணா எழும்பும் சத்தம் கேட்டது. அவர் ஏதாவது கத்திவிடப் போகிறார் என்று பயந்து நான் முந்திக்கொண்டேன்.

"அண்ணா வெல்டர். அப்பாதான் அந்த வேலை செய்தவர், அதைச் சொல்ல எனக்கு வெக்கமில்லை. நாங்கள் செத்தவீட்டுக்கு வருவம். வேலைக்கு வரமாட்டம்" என்றேன்.

அவர் முகத்தைப் பொத்திக்கொண்டார். "எனக்குத் தெரியும். நான் வந்திருக்கக்கூடாது. மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் கதவைச் சாத்திவிட்டு அதிலேயே சாய்ந்து நின்றேன். அண்ணா என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் அறைக்குள் போய், வெள்ளைச் சட்டையோடு வெளியே வந்தார். "வெளிக்கிடு. வாறம் எண்டு சொல்லிப்போட்டாய், போகாமல் விட்டால் சரியில்லை" என்றார். அண்ணாவை எனக்கு அன்றைக்குப் பிடித்த மாதிரி முன்னும் பின்னும் பிடித்ததில்லை.

அன்றைக்கே பூதவுடல் வைத்திருந்த மண்டபத்துக்குப் போனோம். அண்ணா நேரே போய் ஆண்கள் இருந்த வரிசையில், நடுவில், இருந்துவிட்டார். பெட்டிக்குப் பக்கத்தில் அன்ரி. எங்கள் செத்தவீட்டு முறை உங்களுக்குத் தெரியும். வருகிற பெண்கள் ஒவ்வொருத்தராகப் போய்ச் சொந்தக்காரியைக் கட்டிப்பிடித்து அழவேண்டும். ஊரில் அந்த உரிமை எங்களுக்கு இல்லை. பெரிய வீட்டுச் செத்தவீட்டில் அம்மா வேலிப்பக்கம் நின்று அழுததைத்தான் நான் கண்டிருக்கிறேன். எனக்கு முன்னால் நின்ற பெண் அழுது முடித்து விலகினாள். அன்ரி நிமிர்ந்து என்னைக் கண்டார். சுற்றியிருந்த பெண்களின் அழுகை கொஞ்சம் குறைந்தது போல எனக்குப் பட்டது.

அன்ரியின் கை எழும்பவில்லை. திரும்பிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். பிறகு எனக்குக் கழுத்துத் துணி கட்டிவிட்ட மனிசி இது, துணையை இழந்து நிற்கிறது என்று நினைத்தேன். நானே கையை விரித்தேன். "அன்ரி" என்றேன். அவ்வளவுதான். அவருடைய தலை என் தோளில் விழுந்தது. "பிள்ளை, என்னை விட்டிட்டுப் போட்டாரடி பிள்ளை" என்று குழறி, என் முதுகில் இரண்டு கையையும் போட்டு இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பின்னால் வரிசை காத்து நின்றது. அவர் விடவில்லை. நானும் விடவில்லை.

குடத்துக்கு என்ன நடந்தது என்று கேட்பீர்கள். மகன் முழுகிவிட்டு, தன் கையாலேயே சவரம் செய்துகொண்டு, மண்டபத்தின் பின்பக்கத்தில் குடத்தைத் தூக்கிச் சுற்றிவந்து, ஓட்டை போட ஆளில்லாமல் அப்படியே போட்டு உடைத்தார். ஒரு குறையும் வரவில்லை. போனவர் போய்ச் சேர்ந்திருப்பார்.

அதற்குப் பிறகு அன்ரியும் நானும் பழையபடி ஆகவில்லை. கண்டால் நின்று சுகம் கேட்பார், அவ்வளவுதான். அன்றைக்கு அவர் என்னைப் பிடித்துக்கொண்டது மனம் மாறியா, துக்கத்தில் யாரென்று பார்க்க முடியாமலா என்று நான் கேட்டதில்லை, கேட்கப்போவதுமில்லை. ஆனால் ஒன்று மட்டும் எனக்கு நிச்சயம். அப்பா யார் என்று பூங்காவில் நானாகச் சொல்லாமல் வேறு யாரோ கண்டுபிடித்துச் சொல்லியிருந்தால், அந்த ஞாயிற்றுக்கிழமை வாசலில் நான் தலை குனிந்திருப்பேன், அண்ணாவும் சவரக் கத்தியோடு அந்த வேலைக்குப் போயிருப்பார். நானே சொல்லியிருந்ததால்தான் அந்த மண்டபத்துக்குள் முன்வாசலால் போய், அழவேண்டிய இடத்தில் நின்று, ஒரு மனிசியைக் கட்டிப்பிடித்து அழ என்னால் முடிந்தது.